வெட்டி வேலைக்கு இணையம் வைத்த புதுப் பெயர்

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு கூலி கேட்டால் மிரட்டுகிறார்கள். இதை ஊரில் ஒரு பண்ணையார் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். கொடி பிடிப்போம், தாலுகா ஆபீஸ் முன்பு உட்காருவோம். அதையே முகம் தெரியாத ஒரு 'கிளையன்ட்' இணையத்தில் செய்தால், ஏமாந்தவரைப் பார்த்து, "படிச்ச புள்ளதானே நீ, இதுகூடவா தெரியல?" என்று கேட்கிறோம். வீட்டில் கேட்கிறார்கள். காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். சில சமயம் நம் தோழர்களே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நாம் நிறுத்த வேண்டும். ஃப்ரீலான்ஸ் வேலையில் கூலி கிடைக்காமல் போவதை ஒருவருடைய ஏமாளித்தனமாகவோ துரதிர்ஷ்டமாகவோ பார்க்கும் வரை, திருடியவன் பக்கம்தான் நாம் நிற்கிறோம். அதற்குச் சரியான பெயர் கூலித் திருட்டு. தமிழில் அதைவிடப் பழைய பெயர் ஒன்றும் இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலி கொடுக்காமல் வாங்கும் கட்டாய உழைப்பு. இன்று அந்தச் சொல்லை "சும்மா இருப்பவன்" என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். யார் உழைப்பு கணக்கில் வராமல் போனதோ, அவரையே சோம்பேறி என்று சொல்லவும் அதே சொல். இந்த நாட்டின் சாதிக்கு அவ்வளவு சாமர்த்தியம் உண்டு.

மிரட்டலே அவர்களின் தொழில்

"வீட்டிலிருந்தே வேலை. டைப்பிங் தெரிந்தால் போதும். தினமும் மூன்று மணி நேரம்." இந்த விளம்பரத்தைப் பார்க்காத மாணவர் நம்மில் இருக்க மாட்டார். இதன் பின்னால் நடக்கும் மோசடியின் படிகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அதனால் அதைப் படிப்படியாகவே சொல்கிறேன்.

முதலில் ஆதார், பான், கையெழுத்தின் படம் ஆகியவற்றை வாங்கிக்கொள்வார்கள். பல நேரங்களில் பதிவுக்கட்டணம்கூடக் கேட்பதில்லை. "பணமே கேட்கலையே, அப்புறம் எப்படி மோசடி ஆகும்?" என்று நம்ப வைப்பதற்கு அதுதான் வழி. பிறகு ஆங்கிலத்தில் பல பக்கங்களுக்கு ஓர் 'அக்ரிமென்ட்' வரும். கைபேசியில் அதைப் படிக்கவே முடியாது, கையெழுத்து போட்டுவிடுவோம். ஐந்தாறு நாட்களில் முடிக்கச் சொல்லி நூற்றுக்கணக்கான படிவங்கள் வரும். மங்கலான எழுத்து, நடுவில் இயங்காமல் போகும் இணையதளம். தொண்ணூறு விழுக்காடு பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இரவு கண்விழித்து முடித்துக் கொடுத்தால், 'க்யூ.சி. ரிப்போர்ட்' என்று ஒன்று வரும். நீங்கள் தோற்றுவிட்டீர்கள். சம்பளம் கிடையாது. அதோடு, நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டாக்கியதற்காகச் சில ஆயிரம் ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது 'வக்கீல்' பேசுவார். வாட்ஸ்அப்பில் முத்திரை குத்திய நோட்டீஸ் வரும். நாளைக்குள் கட்டாவிட்டால் வழக்கு, வாரண்ட், வீட்டுக்குப் போலீஸ், இனி அரசு வேலையே கிடைக்காது என்பார்கள். கடைசியாகச் சொன்னது எங்கே போய்க் குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருக்கும் பையனிடம், "உன் பேரில் கேஸ்" என்றால் கைகால் நடுங்கும். கம்மலை அடகு வைத்தாவது கட்டிவிடுவார்கள். வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் படிவங்கள் யாருக்கும் தேவையில்லை. தட்டச்சு செய்து கொடுத்ததை யாரும் படிக்கப்போவதும் இல்லை. அவர்கள் விற்பது பயம், அதை வாங்குபவர்கள் நாம்.

இதற்கு அடுத்த வகை டெலிகிராம் 'டாஸ்க்'. காணொளிக்கு லைக் போட்டால், ஹோட்டலுக்கு ஸ்டார் கொடுத்தால் பணம் என்பார்கள். முதல் நாள் நூறு, இருநூறு உண்மையிலேயே வரும். பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்'. பணம் கட்டினால்தான் அடுத்த வேலை. கட்டியதைத் திரும்ப எடுக்க இன்னும் கட்ட வேண்டும். 2023 டிசம்பரில் இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளிலும் போலி முதலீட்டிலும் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு முடக்கியது. முடக்கிய பிறகும் புதுப் பெயர்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "உன் வங்கிக் கணக்கைக் கொடு, அதில் வரும் பணத்தை அனுப்பி வை, கமிஷன் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். இன்னொருவரிடம் கொள்ளையடித்த பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் போகும். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான். கொள்ளையடித்தவன் எங்கோ இருப்பான். கைதாகும் முதல் முகம் சேரிப் பையனுடையதாக இருக்கும்.

சட்டப்படி நடக்கும் தளங்கள் மட்டும் என்ன?

இவை குற்றக் கும்பல்களின் வேலை, பெரிய தளங்களுக்குப் போனால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது, பலர் சம்பாதிக்கிறார்கள். வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, கோடிங் கற்றுக்கொண்டு அந்த வருமானத்தில் வீடு நடத்தும் நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களை வெளியே வரச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் கூலி கொடுக்காமல் போகும் வாய்ப்பு அங்கேயும் இருக்கிறது. அங்கே அது விதிகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

2005-இல் அமேசான் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் தளத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் இருப்பது என்ன என்று குறிப்பது, ஒலியைக் கேட்டு எழுதுவது, கருத்துக்கணிப்பை நிரப்புவது போன்ற சில்லறை வேலைகள். அங்கே ஆரம்ப காலத்தில் அமெரிக்கர்களுக்கு அடுத்து அதிகம் உழைத்தவர்கள் இந்தியர்கள். வேலை கொடுத்தவர் முடித்த வேலையை 'நிராகரிக்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் கூலி இல்லை. செய்து கொடுத்த தரவோ அவர் கையிலேயே இருக்கும். நிராகரிப்பு கூடினால் உங்கள் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் நல்ல வேலைகள் கண்ணிலேயே படாது. அந்தத் தளத்தில் 2,676 தொழிலாளர்கள் செய்த 38 லட்சம் வேலைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, மணிக்கு நடுத்தர வருமானம் சுமார் 2 டாலர்தான் என்று கண்டது. அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலருக்கு மேல் ஈட்டியவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே. வேலை தேடும் நேரமும் நிராகரிக்கப்பட்ட வேலையின் நேரமும் யார் கணக்கிலும் வருவதில்லை என்பது இதற்கு ஒரு பெரிய காரணம்.

ஃபைவர் தளம் தொழிலாளி ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 20 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' செலவழிக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும், வேலை கிடைக்கிறதோ இல்லையோ. மணிக்கணக்கு வேலை என்றால் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம் பிடிப்பார்கள். மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்ட வேலை என்றால், கிளையன்ட் முன்கூட்டியே தளத்தில் கட்டிவைத்த பணத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. "முதலில் ஒரு சாம்பிள் செய்து காட்டு", "கமிஷன் மிச்சமாகும், வெளியே வாட்ஸ்அப்பில் பேசலாம்" என்று இழுத்துப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

தொழிலாளியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. கிளையன்ட் இதுவரை எத்தனை பேருக்குக் கூலி கொடுக்காமல் ஓடினார் என்பதை நமக்கு முழுதாகக் காட்டும் ஏற்பாடு மட்டும் இல்லை. இது தொழில்நுட்பத்தின் போதாமையா? யாருக்காகக் கட்டினார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

ஏன் நம் பிள்ளைகள்?

எல்லாச் சாதியினரும் ஏமாறுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே உயரத்திலிருந்து விழுவதில்லை.

நம் பிள்ளைகள் இணைய வேலைக்குப் போக ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. நேர்காணலில் "எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆளில்லை. வாடகை வீடு கிடைக்காத நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. தளத்தில் ஒரு படம், ஒரு பெயர், செய்த வேலை அவ்வளவுதான். சாதி கேட்காத வேலையிடம் என்ற அந்த வாக்குறுதிதான் நம்மை ஈர்க்கிறது. ஆனால் சாதி கேட்காத இடத்திலும், சாதியால் நமக்கு இல்லாமல் போனவை இல்லாமல்தான் இருக்கும். முதல் கிளையன்டைப் பிடித்துக் கொடுக்க அமெரிக்காவில் மாமா இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் வக்கீல் இல்லை. இரண்டு மாதம் பணம் வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இல்லை. லேப்டாப்பே தவணையில் வாங்கியது. அதனால்தான் "சாம்பிள் செய்து கொடு" என்பவனிடம் நம்மால் "முடியாது" என்று சொல்ல முடிவதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. புதிதாக வருபவருக்கு ரேட்டிங் இல்லாததால் வேலை கிடைப்பதில்லை. ஏற்கெனவே நல்ல ரேட்டிங் வைத்திருப்பவர் தன் அக்கவுன்டில் வேலையை எடுத்து, அதில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, பின்னால் இருக்கும் ஐந்து பேரிடம் செய்து வாங்குகிறார். கிளையன்டுக்கு அந்த ஐந்து பேரைத் தெரியாது. தளத்துக்கும் தெரியாது. கூலி வராவிட்டால் "கிளையன்ட் கொடுக்கலப்பா" என்பதோடு முடிந்துவிடும். இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் முன்னோரைத் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போன கங்காணியை நமக்குத் தெரியும். ஆளைப் பிடிப்பது, நடுவில் நின்று கழித்துக்கொள்வது, கணக்குக் காட்டாமல் இருப்பது என்ற அதே முறைதான் இது. இந்தக் கங்காணி மடிக்கணினி வைத்திருக்கிறார், அவ்வளவே.

சாதி உழைப்பாளர்களையே ஒருவர் மேல் ஒருவராகப் பிரித்து அடுக்கிவைக்கிறது என்பது 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் வைத்த வாதம். தளங்களும் உழைப்பாளர்களைப் பிரித்தே வைக்கின்றன. ஒவ்வொருவரும் தனி அறையில், தனித் திரையின் முன்னால், பக்கத்தில் இருப்பவரைவிடக் குறைந்த விலைக்குக் கேட்டுக்கொண்டு. ஏற்கெனவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்தத் தனிமை இரட்டிப்பு ஆபத்து.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறியது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர், தளத் தொழிலாளர் என்ற சொற்கள் இந்தியச் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது அதில்தான். தள நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நல நிதிக்குக் கொடுக்க வேண்டும். விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைக்கால உதவி போன்றவை அதிலிருந்து வரும். வரவேற்போம். ஆனால் செய்த வேலைக்குக் கூலி வராவிட்டால் என்ன செய்வது? அதற்கு அங்கே பதில் இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பு முதலாளி–ஊழியர் உறவுக்கு உரியது. கிக் தொழிலாளர் என்றாலே அந்த உறவுக்கு வெளியே இருப்பவர் என்பதுதான் சட்டத்தின் வரையறை. ஒரு சட்டம் வெளியே தள்ளுகிறது, இன்னொரு சட்டம் வெளியே நிற்பவருக்குக் குடை மட்டும் கொடுக்கிறது.

மாநிலங்களில் ராஜஸ்தான் 2023-இலும் கர்நாடகம் 2025-இலும் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டம் ஒருவரை நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் கேட்கிறது. தமிழ்நாடு 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தது. இந்த மூன்றுக்கும் பின்னால் வண்டியோட்டும், உணவு கொண்டு வரும் தோழர்களின் தெருப் போராட்டம் இருக்கிறது. அவர்களைச் சாலையில் பார்க்கலாம். ஆப்பை அணைத்துவிட்டு ஓரிடத்தில் கூடினால் செய்தியாகும். அறைக்குள் உட்கார்ந்து தட்டச்சு செய்பவரை யாரும் பார்ப்பதில்லை. நம் சங்கங்களும் இன்னும் பார்க்கவில்லை.

"ஃப்ரீலான்சர் என்பவர் தொழிலாளி இல்லை, தனக்குத் தானே முதலாளி; இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் அரசு எதற்கு?" என்று கேட்பார்கள். விலையை, விதியை, வேலை சரியா தவறா என்ற தீர்ப்பை மறுபக்கம் இருப்பவரே முடிவுசெய்யும்போது இவர் எதற்கு முதலாளி? முதலாளித்துவத்தின் தலைநகரமான நியூயார்க்கே இந்த வாதத்தை ஏற்கவில்லை. 2017 மே முதல் அங்கே 800 டாலரும் அதற்கு மேலுமான ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கூலி கொடுக்க வேண்டும். ஏமாற்றினால் இரட்டிப்பு இழப்பீடு. கூலி கேட்டவரைப் பழிவாங்கினால் அதுவும் குற்றம். கலிஃபோர்னியாவில் 2025 முதல் 250 டாலர் வேலைக்கே இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நமக்கு அதைவிட வலுவான அடித்தளம் இருக்கிறது. அரசமைப்பின் உறுப்பு 23 'பேகார்' என்ற சொல்லையே எழுதித் தடை செய்கிறது. அதன் தமிழ்தான் வெட்டி. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றது. சாட்டையால் அடித்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் கட்டாயமே என்றது. இந்த உரிமை அரசுக்கு எதிராக மட்டுமின்றித் தனியாருக்கு எதிராகவும் செல்லும் என்றது. அந்தத் தர்க்கத்தை இணைய உழைப்புக்கு நீட்டிக்க வேண்டும் என்பதே என் வாதம். சட்டம் படிக்கும் தோழர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்தியாவில் இருப்பவரிடம் வேலை வாங்கும் எந்தத் தளமும் கூலித் தொகையை முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும். நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும். நிராகரித்த வேலையைப் பயன்படுத்தக் கூடாது. முறையிட மனிதர் ஒருவர் இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும். தமிழ்நாட்டு நலவாரியம் வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் பதிவு செய்து, கூலிப் புகார்களை விசாரிக்கும் அதிகாரத்தோடு இயங்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

சட்டம் வரும் வரை காத்திருக்க முடியாது. இப்போதே கையில் இருப்பவை சில:

1. மிரட்டல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்டாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு ஆகாது. ஒப்பந்தத்தை மீறியது உண்மையே என்றாலும் அது உரிமையியல் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும், அதுவும் நீதிமன்றத்தில். ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

2. மிரட்டியவர்மீது நீங்கள் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308. எண், உரையாடல், நோட்டீஸ் எல்லாவற்றையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

3. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு லாபம்.

4. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது. தொலைபேசி 15100. இது சலுகை ஆகாது, உரிமை.

5. இந்திய கிளையன்டுகளுக்குத் தொடர்ந்து வேலை செய்பவர்கள் வேலையை ஏற்பதற்கு முன்பே உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கான வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன.

6. தளத்தை விட்டு வெளியே பேசக் கூப்பிட்டால் போகாதீர்கள். பணம் தளத்தில் கட்டப்பட்டது கண்ணில் தெரியும் வரை வேலையைத் தொடங்காதீர்கள். வேலை கொடுக்கக் காசு கேட்பவர் வேலை கொடுப்பவரே இல்லை.

ஆனால் ஆறு குறிப்புகளை மனப்பாடம் செய்து தனித்தனியாகத் தப்பிப்பது போதாது. மெக்கானிக்கல் டர்க்கில் தொழிலாளர்களை மட்டுமே மதிப்பிடும் முறை இருந்தபோது, 2008-ஐ ஒட்டி லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் ஆகிய இரண்டு ஆய்வாளர்கள் 'டர்காப்டிகான்' என்ற கருவியை உருவாக்கினார்கள். அதில் தொழிலாளர்கள் வேலை கொடுப்பவர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள்: யார் கூலி கொடுப்பவர், யார் காரணமில்லாமல் நிராகரிப்பவர். ஒரே இடத்தில் ஒருமுறைகூடச் சந்திக்காதவர்கள் அதன் மூலம் ஒருவரையொருவர் காப்பாற்றினார்கள்.

நமக்கு அதைவிட நல்ல வசதி இருக்கிறது. நாம் சந்திக்க முடியும். நலத்துறை விடுதியின் சுவர் இருக்கிறது, சேரியில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மாணவர் வட்டம் இருக்கிறது. கூலி கொடுக்காத அக்கவுன்டுகளின் பட்டியலை அங்கே ஒட்டுங்கள். ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் நான்கு பேர் சேர்ந்து வாசியுங்கள். சட்டம் படிப்பவர் வாரம் ஒருநாள் உட்காரட்டும். மிரட்டல் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேளுங்கள். ஒருவராக இருக்கும்போது நடுங்க வைத்த அந்தக் குரல், பத்துப் பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அம்பேத்கர். வேலை நேரம், கூலி, சங்கம் ஆகியவை சாதி ஒழிப்புக்கு வெளியே இருக்கும் விஷயங்கள் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம். அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ வந்து "அண்ணா, ஏமாந்துட்டேன்" என்றால், "உன் கூலியை யார் எடுத்தது?" என்று கேளுங்கள். போராட்டம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஜெய் பீம்!